சோளகத்தில் புல்லை உறங்க விடு

நஸ்லி மகள்,

முதலில் ஸலாம். அடுத்தது, பயப்படாதே, வீட்டில் ஒருவரும் மௌத்தாகவில்லை. வாப்பாவிடமிருந்து கடிதம் என்றதும் அப்படித்தான் நினைத்திருப்பாய். என் ஆயுளில் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் உன் உம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால் எழுதியவை. அதில் ஒன்றை அவளுடைய காக்கா, அதுதான் உன் பெரிய மாமா, வாசித்துவிட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அந்தப் பயத்தில் விட்ட எழுத்தை இன்றைக்குத்தான் மறுபடி தொடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவனின் கடிதம். பிழையைக் கண்டால் சிரி, ஆனால் மாப்பிள்ளைக்கு முன்னால் சிரிக்காதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லத்தான் பார்த்தேன். நீ மதுரங்குளியில் மாமி வீட்டில் போய் இறங்கியதும் எடுத்தாயே, அப்போதே சொல்ல வாயைத் திறந்தேன். "மாமியாட சோறு வாயில வைக்கலாமா?" என்று கேட்டேன், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், போனை வைத்துவிட்டோம். என் வாய் அப்படிப்பட்டது. பாரமான கதை ஒன்று வெளியே வரப் போகிறதென்று தெரிந்தால் அதற்கு முன்னால் ஒரு பகிடியை அனுப்பிவிடும். கடதாசி அப்படியில்லை. எழுதினால் எழுதியதுதான். ஆனால் கதிரையில் இருக்க முடியவில்லை மகள். இவ்வளவும் எழுதுவதற்குள் இரண்டு தரம் எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். உம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்கிறாள், "என்ன, கிணத்துக்குள்ள ஆரும் பொம்புள நிக்கிறாளா?" என்று. நான் சொன்னேன், "நிண்டா உன்னையக் கூப்பிட்டுக் காட்டுவேனா?" பார்த்தாயா, மறுபடி பகிடி.

விசயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை காலையில் புத்தளத்திலிருந்து லொறியில் தண்ணீர் இறைக்கும் பெரிய மோட்டார் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் கடையில் சொல்லி வைத்தது. அதை நம் கிணற்றில் பொருத்திப் பூட்ட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி. வீடு உன்னுடையது. நம் ஆட்களில் பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே வீடு. நிக்காஹோடு வீட்டு உறுதிப்பத்திரமும் உன் பெயருக்கு வந்துவிட்டது, நானும் உம்மாவும் பின்னறைக்கு வந்துவிட்டோம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உம்மாதான் "மகள்ட வீட்டுல இரிக்கிறோம், கொஞ்சம் மெதுவா இருமுங்க" என்று எனக்குச் சட்டம் போடுகிறாள். அதனால் அதட்ட முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்கிறவன் காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்கு வரத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

முன்னறை இரண்டையும் பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்பது நல்ல யோசனைதான். நம் ஆலங்குடாவில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அவர்கள் காற்றைத் தேடி வருகிறவர்கள். மே மாதம் சோளகக் காற்று எழும்பும்போது வந்து, அது அடங்கும்போது போவார்கள். அதே சோளகம்தான் மழையைத் துரத்திவிட்டு, கடலிலிருந்து உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டுவந்து நம் முற்றத்தில் கொட்டி, புல்லை வறுத்துவிடுகிறது. நீ புறப்பட்ட அன்று காலையில் நாம் பேசியதை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை வானுக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நீ படியில் நின்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"போட்டோவுல புல்லு மஞ்சளா விழுந்தா ஒருத்தரும் வரமாட்டாங்க வாப்பா. அந்தப் பக்கத்து ஹோட்டலப் பாருங்க, ஆகஸ்ட்லயும் பச்சப் பசேலெண்டு இரிக்கி."

"அப்ப ஒரு வாளி பச்சப் பெயின்ட் வாங்கிட்டு வா. அடிச்சி விடுவோம்."

"பகிடிய உடுங்க. இத்தனை வருசமா ஊரான்ட புல்லையெல்லாம் பச்சையா வச்சிக் குடுத்தீங்க. எங்கட புல்லுக்கு மட்டும் ஏன் தண்ணி குடுக்க மனமில்ல?"

தரையில் கிடந்த ஹோஸ் குழாயைச் சுருட்டுகிறவன் போலத் திரும்பிவிட்டேன். சுருட்டி முடித்து நிமிர்ந்தபோது வான் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் புல்லுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்குச் சுலபம். அதோடு இந்த முற்றம் இனி உன் கையில். எனக்கு முழங்கால் முன்னைப்போல மடங்குவதில்லை.

மற்றவர்களுக்கு வருசம் ஜனவரியில் தொடங்கும், புல்லுக்கு ஒக்டோபர் மழையில் தொடங்கும். மண் நனைந்து குளிர்ந்த பிறகுதான் புதுப் புல் பதிக்க வேண்டும். புதுப் புல் புது மாப்பிள்ளை மாதிரி. முதல் இரண்டு மாதம் மிதிக்கக் கூடாது, தாகத்தில் விடக் கூடாது, இடத்துக்கிடம் இழுக்கக் கூடாது. வேர் பிடித்துவிட்டால் பிறகு நீ போ என்றாலும் போகாது. நம் மணல் கையில் நிற்காத மணல், ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கீழே ஓடிவிடும். ஆகவே புல் பதிக்க முன்னர் ஒரு சாண் தோண்டி, தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் மண் போட்டு, அதன்மேல்தான் புல். மட்டை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பங்குனி வரை சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். கோரைக் களையையும் மழைக்குள்தான் பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் கிழங்கோடு வரும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் தலை மட்டும் கையில் வந்து, கீழே கிழங்கு உன்னைப் பார்த்துச் சிரிக்கும். மாட்டெரு மக்கியதை அரித்து மாவு தூவுவதுபோலத் தூவு, அதுவும் மழைக்குள். உன் மாப்பிள்ளை ஜூன் மாத வெயிலில் யூரியாவைக் கைநிறைய வீசிவிட்டுப் போனாரே, நடந்த தடமெல்லாம் எரிந்து கோடு கோடாக நின்றதே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை அவரிடம் சொல்.

மழை விட்டுப் பனிக்குளிர் வரும் மாதங்களில் மூன்று நாளைக்கு ஒரு தரம், காலையில், ஒரே தடவையாக நன்றாக ஊற்று. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் சோம்பேறியாகி மேலேயே படுத்துக்கொள்ளும். பின்னேரம் ஊற்றிப் புல்லை ஈரத்தோடு விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெட்டும்போது இரண்டு விரல் உயரம். ஏப்ரலில் சின்ன மழை ஒன்று பெய்யும், அதில் வழுக்கை விழுந்த இடங்களை நிரப்பிவிடு. என் தலையை நிரப்ப மழை இல்லை, புல்லுக்கு இருக்கிறது. பிறகு சோளகம். சோளகத்தில் புல்லுக்குச் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. வெட்டும் மெசினைத் துடைத்து மூலையில் வை. நான்கு விரலுக்கு வளரவிடு. அது மஞ்சளாகும், பிறகு வைக்கோல் நிறமாகும். உனக்கு வயிறு எரியும். அது சாகவில்லை மகள், உறங்குகிறது. வேர் உயிரோடு இருந்தால் போதும், அதற்குக் கிழமைக்கு ஒரு தரம் தண்ணீர் காணும். நான் தொழ முன்னர் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடத்துத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி முற்றத்துக்கு ஓடவிட்டிருப்பது அதற்குத்தான். ஐந்து நேரமும் ஒழுங்காகத் தொழுதால் புல்லும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய்.

எழும்பிப் போய் வந்தேன். காற்று வேலி மட்டையைப் பிடித்து உலுக்குகிறது. எங்கும் உட்கார முடியவில்லை, நின்றாலும் நிற்க முடியவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கரையில் கிணறு என்பது எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, அதுவும் கடல் தண்ணீர்தான், நடுவில் நாம். நமக்குக் கீழே முழுக்க உப்புத் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் அதன்மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. மெதுவாக அள்ளினால் ஆடை வரும். அவசரப்பட்டு உறிஞ்சினால் ஆடை கிழிந்து கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறியது சுலபத்தில் இறங்காது. அதுவும் உன் கிணற்றோடு நிற்காது. மணலுக்குக் கீழே வேலி இல்லையே.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருசம், நான் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது ஓ.எல். வகுப்பு. கொழும்பு முதலாளி. கடலைப் பார்க்க ஒரு பெரிய புல்தரை போட்டோம், என் கையால் பதித்தது. முதல் சோளகத்தில் அது மஞ்சளாகத் தொடங்கியபோது முதலாளி வந்து இடுப்பில் கை வைத்து நின்று, "ஆகஸ்ட் முழுக்க எனக்கு இது பச்சையா இருக்கணும், ஏலுமா ஏலாதா?" என்றார். ஏலாது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. புது வேலை, கங்காணி என்று பெயர், வெள்ளைத் தொப்பி ஒன்று வேறு கொடுத்திருந்தார்கள். "ஏலும் சேர்" என்றேன். பெரிய மோட்டார் வந்தது. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து போட்டால் பின்னேரம் அசர் வரை ஓடும். சத்தம் வெள்ளைக்காரருக்கு இடைஞ்சல் என்று சாக்கையும் ஓலையையும் கொண்டு மோட்டார்க் கொட்டிலை நானே சுற்றிக் கட்டினேன். ஆகஸ்ட் முழுக்கப் புல் பச்சையாக இருந்தது. நான் தொப்பியோடு அதன் நடுவில் நின்று எடுத்த படத்தை நீதான் சட்டம் போட்டு மாட்டினாய்.

அந்த ஹோட்டல் மதிலுக்கு அந்தப் பக்கம் சபியா ராத்தாவின் வீடும் கிணறும் உள்ள வளவு.

எனக்குக் கூடப்பிறக்காத அக்காவான சபியா ராத்தா யாரென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ பிறந்தபோது உன் காதுக்குப் பக்கத்தில் முதலில் சத்தமாகச் சிரித்தது அவர்தான் என்று உம்மா சொல்வாள். ஆனால் இந்தப் பகுதியை நீ முழுசாகக் கேட்டதில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்கள் எல்லோரையும் இயக்கம் வெளியே போகச் சொன்னபோது உம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி நாலு மாதம். வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது உடுத்த உடுப்பும் காய்ந்த நாக்கும்தான் மிச்சம். கரையில் நின்ற பெண்ணொருத்தி, எங்களை யாரென்றுகூடக் கேட்காமல், "வாங்க, வாங்க, கிணறு இங்க இரிக்கி" என்று முன்னால் ஓடினார். வள்ளம் வள்ளமாக ஆட்கள் இறங்க இறங்க, மதியம் லுஹர் வரை அவர் வாளியை விடவில்லை. நான் வாங்கப் போனேன். "நீ முதல்ல குடி தம்பி. குடிச்சிட்டு வந்து ஆம்புளத்தனத்தக் காட்டு" என்றார். அவருடைய உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அந்தக் கிணற்றைத்தான் மகள், நான் உப்பாக்கினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் மதிலுக்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டினார். "தம்பி, இதக் கொஞ்சம் குடிச்சிப் பாரு. எனக்கு மட்டுந்தான் கரிக்குதா?" குடித்தேன். கரித்தது. எனக்கு அந்த நிமிடமே தெரியும். மோட்டார் சாக்குக்குள்ளே உறுமிக்கொண்டுதான் இருந்தது. என் வாய் முந்திக்கொண்டது. "ராத்தா, மீன் ஆய்ஞ்ச கையோட அள்ளினா கரிக்காம, சீனியாவா இனிக்கும்?" அவருடைய மருமக்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கையை முழங்கை வரை கழுவி, மறுபடி அள்ளிக் குடித்துப் பார்த்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கிணற்றை இறைத்துத் தூர் எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து அடுத்த வெள்ளிக்கிழமை என்னைத்தான் கூப்பிட்டார். இறைத்தால் இன்னும் உப்பு ஏறும் என்று எனக்குத் தெரியும். போனேன். காலையிலிருந்து வாளி வாளியாக இறைத்தேன், இடைக்கிடை பாட்டுப் பாடினேன், அவர் ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைக் குடித்தேன். அந்தத் தேநீருக்குத் தண்ணீரை அவர் காசு கொடுத்துக் கடையில் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கிணறு குடிக்கும் கிணறாக இல்லை. கிணற்றடியில் நின்ற தேசிக்காய் மரத்தின் இலை ஓரம் கருகி, ஒரு வருசத்தில் மரமும் போயிற்று. இப்போதும் அவர் குடிதண்ணீர் வாங்கக் கேன் எடுத்துக்கொண்டு சந்திக்கு நடக்கிறார். வழியில் என்னைக் கண்டால், "தம்பி, என் கை இன்னும் மீன் மணக்குதா?" என்று கேட்டுச் சிரிப்பார். என் பகிடியை எனக்கே திருப்பித் தருவதாக அவருக்கு எண்ணம். எட்டு வருசம் நானும் கூடச் சிரித்தேன். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து ஏன் கழற்றினேன் என்று நீ கேட்டபோது, தொப்பியில் என் காது பெரிதாகத் தெரிகிறது என்றேன்.

நேற்று அசருக்குப் பிறகு போனேன். உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் முதலில் அங்கே போகாமல் எழுத வராது என்று பட்டது. ராத்தா வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"வா வா. என்ன, மகள் இல்லாம வீடு கடிக்குதா?" என்றார்.

சொன்னேன். மோட்டாரை, சாக்கை, கோப்பையை, இறைத்ததை. நடுவில் பகிடி ஒன்று வந்தது, விழுங்கினேன். அவர் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிக்கிட்டுத்தான் இறைச்சாயா?"

"ஓம் ராத்தா."

"எனக்கு மோட்டார் சத்தம் கேக்கல்லியே."

"சாக்குக் கட்டினேன்."

உருவிய இலையைச் சுளகில் ஒதுக்கினார். பிறகு ஒன்று கேட்டார். "அந்தப் புல்லாவது இப்ப இரிக்கா?"

இல்லை மகள். முதலாளி விற்றுவிட்டுப் போய், புதிதாக வாங்கியவர் அதன்மேல் சீமெந்து போட்டு வான் நிறுத்துகிறார். அதையும் சொன்னேன். ராத்தா சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளேயிருந்து சட்டி கழுவும் சத்தம்தான் வந்தது. வந்துவிட்டேன். மன்னிப்பாரா, இனி நம் வீட்டுக்கு வருவாரா, எனக்குத் தெரியாது. உம்மாவிடம் சொன்னபோது, அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் பார்த்தவரை அவள் அப்படிப் படுத்தது வள்ளத்தில் வந்த அன்று மட்டும்தான்.

இப்போது நம் வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய கிணறு என்று யோசித்துப் பார். பரீனா, நாற்பது நாள் பிள்ளைக்காரி. அந்தப் பிள்ளைக்குக் கொதிக்க வைக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர். நம்முடையதில் இப்போதுள்ள சின்ன மோட்டாரைப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் ஓடவிடாதது கஞ்சத்தனத்தால் இல்லை. பெரியதைப் பூட்டி முற்றம் பச்சையாக இருக்க வேண்டுமானால் அது காலையிலிருந்து பின்னேரம் வரை ஓடியே ஆக வேண்டும். எனக்கு மணித்தியாலக் கணக்கு வரை தெரியும், ஓட்டியவன் நான்தானே. உன் வாடகைக்காரர் மஞ்சள் புல்லைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள் என்றால், ஓம், சிலர் போவார்கள். ஆனால் வருகிறவன் பறக்க வருகிறான் மகள், மேய வரவில்லை. படுக்க நல்ல பாயும் தின்ன நல்ல மீனும் கொடு. முற்றத்துக்குப் பூவரசு நட்டு நிழல் காட்டு. மற்றதை அவனவனுக்கு எழுதிய நஸீபு பார்த்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை மனம் நோகும் என்று நீ யோசிப்பாய். என்மேல் போடு. கிழவன் பிடிவாதம் என்று சொல். ஆனால் பூட்டினால் எனக்குக் கோபம் வராது என்று பொய் எழுத மாட்டேன். பூட்டினால் அடுத்த நாளே பரீனாவிடம் போவேன், பிள்ளைக்கு வேறு தண்ணீர் பார்த்துக்கொள் என்று சொல்வேன். இந்த முறை மோட்டாருக்கு முன்னால் வாயைத் திறப்பேன். யார் பூட்டியது என்று அவள் கேட்டால், என் மகள் என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல வைக்காதே.

கடையின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதும் சொல்லாததும் உன் பாடு, எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டாம். போனில் நான் ஏதாவது உளறிச் சிரிக்க வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை லொறி வருகிற நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். வழக்கமாகக் குத்பாப் பிரசங்கம் தொடங்கிய பிறகுதான் ஓடிப்போய்க் கடைசி வரிசையில் நிற்பேன், அன்றைக்குப் பத்து மணிக்கே பள்ளிவாசலில் போய் இருந்துவிடுவேன். பாங்கு சொல்லும் மோதினார் எனக்குச் சுகமில்லையோ என்று கேட்பார், கேட்கட்டும். தொழுகை முடிந்து வரும்போது வீட்டுக்குத் திரும்பும் நம் ஒழுங்கை முனையில் நின்று, மோட்டார் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துப் பார்ப்பேன். இந்தச் சோளகத்தில் அங்கேவரை ஒன்றும் கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நிற்பேன்.

உன் வாப்பா